பெட்டி நிறைய ராப்பர், உள்ளே ஒரு இதழ்கூட இல்லை: பழைய விகடன், கல்கி அட்டைகளை என்ன செய்யலாம்?

வளவுவீட்டுப் பேரன், கண்டனூர்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் பங்காளிகள் கூடி வீட்டுச் சாமான்களைப் பிரித்தோம். பித்தளை அண்டாவுக்கு அடிதடி, இனாமல் தூக்குக்குச் சீட்டுக் குலுக்கல், தேக்குப் பெட்டகத்துக்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை. ஒரு பச்சைத் தகரப் பெட்டிக்கு மட்டும் ஆளே இல்லை. "பழைய பேப்பர்தானே, நீயே வச்சுக்க" என்று எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, தள்ளிவிட்டார்கள்.

திறந்தால் வாரப் பத்திரிகைகளின் அட்டைகள். வெறும் அட்டைகள். முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்த ஒற்றைத் தாள், நடுவில் மடிப்பு, மடிப்பில் இரண்டு துருப்பிடித்த ஓட்டை. எண்ணிப் பார்த்தேன், 412 இருக்கிறது. பாதிக்கு மேல் விகடனும் கல்கியும். கொஞ்சம் குமுதம், பத்துப் பதினைந்து அம்புலிமாமா, தீபாவளி மலர்களின் அட்டைகள் சில. 1949-லிருந்து 1958 வரை போகிறது. பெட்டி அப்பத்தாவுடையது. அவர்கள் இறந்தபோது எனக்கு ஆறு வயது, கேட்க முடியாது.

காரைக்குடியிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து பார்த்தார். படம் நன்றாக இருக்கிற 60 மட்டும் போதுமாம், ஒன்றுக்கு 250 ரூபாய். நாலு பக்கமும் வெட்டிச் சுத்தம் செய்து, பிரேம் போட்டு, பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே கொடுப்பாராம். சிங்கப்பூரில் இருக்கிற தம்பி, ஸ்கேன் பண்ணிவிட்டுத் தூக்கிப் போடு என்கிறான். ஒருத்தர் ஏன் அட்டையை மட்டும் சேர்த்து வைக்க வேண்டும்? இதை விற்கலாமா? தீபாவளி மலர் அட்டைகள் ஏழெட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, பிரிக்க வழி உண்டா?

ரஸ்தா ரயில், தேவகோட்டை

முதலில் அந்த ஒட்டினவற்றில் கை வைக்காதீர்கள். சொல்கிறேன், அதற்கு முன் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லும் பத்து வருடம் தமிழ் அட்டைப்படத்துக்கு நல்ல காலம். விகடன் அட்டையில் பெரும்பாலும் ஒரு நகைச்சுவைப் படம்தான் வரும். கீழே ஓரத்தில் கையெழுத்தைப் பாருங்கள், கோபுலு என்று இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். தஞ்சாவூரில் பிறந்த கோபாலன், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். கோபாலனைக் கோபுலு ஆக்கியது விகடன் ஓவியர் மாலி. அவர் சீனிவாசன் என்ற இன்னொருவரைச் சில்பி ஆக்கினார். சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து தென்னாட்டுச் செல்வங்கள் என்று விகடனில் வரைந்தது உள்பக்கச் சமாசாரம், உங்கள் பெட்டியில் இருக்காது. கோபுலுவின் மனிதர்களுக்கு முதுகும் பேசும். மாமா ஒருவர் திண்ணையில் சாய்ந்திருக்கிற சாய்விலேயே அவர் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கல்கியில் மணியம். பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை முதல் தடவை தொடராக வந்தபோது படம் போட்டவர் அவர்தான். இன்றைக்கும் வந்தியத்தேவன் என்றால் நமக்கு அவர் போட்ட கொண்டையும் மீசையும்தான் நினைவுக்கு வருகிறது. 1968-ல் போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. குமுதத்தில் வர்ணம் என்ற கையெழுத்தைத் தேடுங்கள்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் சேர்ந்தே தொடங்கியது. அந்தக் காலத்து அட்டைகள் பலவும் எம்.டி.வி. ஆச்சார்யா வரைந்தவை. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிற படம் எல்லோருக்கும் தெரியும். அது சங்கர் வரைந்தது, அவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தவர்.

250 ரூபாய் நல்ல விலையா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓரத்தை வெட்டுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். தேதி, விலை, இதழ் எண் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். பழைய விகடனில் மாலை இத்தனை, மணி இத்தனை என்று போட்டிருப்பார்கள். தொகுதிக்கு மாலை, இதழுக்கு மணி. அதை வெட்டிவிட்டால் மிச்சம் வெறும் படம்.

பழஞ்சாமான், காரைக்குடி

நான் அந்த வியாபாரி இல்லை, ஆனால் அதே தெருவில் கடை வைத்திருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெரு. ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

வீடு இடிக்கும்போது எங்களைக் கூப்பிடுகிறார்கள். கதவு, தூண், கண்ணாடி, ரவிவர்மா படம் இதற்கெல்லாம் விலை பேசுவார்கள். பத்திரிகைக் கட்டை மட்டும் "எடுத்துட்டுப் போங்க, இடத்தை அடைக்குது" என்பார்கள். முழு இதழாகக் கொண்டுவந்து கடையில் வைத்தால் ஒரு வருடம் ஆனாலும் கேட்பார் இல்லை. கரையான்தான் கேட்கும். அதே இதழின் அட்டையைப் பிரேம் போட்டு மாட்டினால் பெங்களூரிலிருந்து வந்தவர் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகிறார். நான் வெட்டாமல் விட்டவை எல்லாம் எடைக்குப் போயின. வெட்டினவை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. எது காப்பாற்றியது என்று நீங்களே சொல்லுங்கள்.

ரஸ்தா ரயில்

அண்ணே, வெய்யில் படுகிற முகப்புச் சுவரில் மூன்று வருடம் மாட்டினால் முதலில் சிவப்பு போகும், அப்புறம் மஞ்சள் போகும். மிஞ்சுவது நீலப் பேய். நானே பார்த்திருக்கிறேன்.

பழஞ்சாமான்

எடைக்குப் போனால் மூன்று நாள்கூட இருக்காதே தம்பி.

பைண்டர் மகன், புதுவயல்

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எங்கள் அப்பா 40 வருடம் பைண்டிங் வேலை பார்த்தவர்.

அந்தக் காலத்தில் தொடர்கதை முடிந்ததும் பெண்கள் எல்லா இதழிலிருந்தும் அந்தப் பக்கங்களை மட்டும் உருவி, வரிசைப்படி அடுக்கி, நூல் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். அப்பா அதைத் தைத்து, மூன்று பக்கம் கட்டிங் போட்டு, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டி, கெட்டி அட்டை வைத்துக் கொடுப்பார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம், பூச்சி வராமல் இருக்க. செட்டிநாட்டில் அலமாரியைத் திறந்தால் இப்படிப் பைண்டு செய்த தொடர்கதை இல்லாத வீடே கிடையாது. சிலர் முழு இதழாகக் கொடுத்து "கதையை மட்டும் எடுத்துக் கட்டு" என்பார்கள். மிச்சத்தை நாங்கள் உருவி எறிவோம். ராப்பர்தான் முதலில் போகும். அதில் பொட்டலம் மடிப்பார்கள், பரணில் விரிப்பார்கள், பள்ளி நோட்டுக்கு உறை போடுவார்கள்.

ஆக உங்கள் அப்பத்தா பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே ராப்பரைக் கம்பிப் பின்னிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஓட்டை கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். கிழியாமல் இருந்தால் பின்னின் கால்களை உட்பக்கம் நிமிர்த்தி, பொறுமையாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பட்டறையில் அப்படி யாரும் மெனக்கெட்டதில்லை, ஒரே இழுப்பு.

பைண்டு செய்த புத்தகங்கள் எங்கே? அதுதான் இப்போது கேள்வி. அவை கிடைத்தால் உங்களிடம் இருப்பது மறுபாதி.

வளவுவீட்டுப் பேரன்

ஓட்டை கிழியவில்லை! பத்துப் பதினைந்தைப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. ரஸ்தா ரயில் ஓரத்தைப் பார்க்கச் சொன்னதால் பார்த்தேன். பல அட்டைகளின் கீழ் ஓரத்தில் மையால் எழுதியிருக்கிறது. "ஈப்போ வந்தது." சிலதில் "ஈப்போ போட்டது." பக்கத்தில் தமிழ் மாதமும் தேதியும். எல்லாவற்றிலும் இல்லை, மூன்றில் ஒன்றில் இருக்கும். ஐயா (அப்பாவின் அப்பா) அப்போது மலேயாவில், ஈப்போவில் இருந்தார்கள், அது தெரியும். என்ன வந்தது, என்ன போட்டது?

இரண்டாங்கட்டு, பள்ளத்தூர்

தம்பி, கடுதாசிதான். வேறென்ன? புருஷன் பெயரை எழுதுகிற வழக்கம் ஏது, ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆத்தாவும் அப்படித்தான், "ரங்கோன் எப்ப வருது?" என்றால் அப்பச்சி (அப்பா) எப்போது வருகிறார்கள் என்று பொருள்.

எனக்கு இப்போது 74 வயது, பேத்தி தட்டித் தருகிறாள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழிலுக்கு, போனால் மூன்று வருடக் கணக்கு. நடுவில் வர முடியாது. கப்பல் கடுதாசி எப்போது வரும் என்று ஒரு கணக்கும் கிடையாது. ஆனால் பத்திரிகை வாரா வாரம் வரும், நாள் தவறாது. தபால்காரர் இரண்டையும் ஒரே பையில்தானே கொண்டுவருவார். அட்டையில் அச்சடித்த தேதி இருக்கிறது, பக்கத்தில் கடுதாசித் தேதி. தனி நோட்டுப் புத்தகத்துக்கு அவசியம் என்ன?

பத்திரிகை வந்தால் முதலில் முகப்பில் ஆண்கள் பார்ப்பார்கள். பட்டாலையில் ஒரு சுற்று. பெண்கள் இருக்கும் எங்கள் கட்டுக்கு வருவதற்குள் மூலை மடங்கி, வெற்றிலைச் சிவப்பு ஒன்று பட்டிருக்கும். அப்புறம் ஒருத்தி சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் வற்றல் கிள்ளிக்கொண்டே கேட்போம். ஒரு வீட்டில் ஒரு பிரதிதான் வாங்குவார்கள், எட்டு அடுப்பு எரிந்தாலும். அதனால் அட்டை உங்கள் அப்பத்தா கைக்கு வந்ததே பெரிய விஷயம். அவர்கள் பணம் கட்டி வரவழைத்திருக்க வேண்டும். அது அந்தக் கூட்டு வீட்டு வளவில் லேசான காரியம் இல்லை.

பழஞ்சாமான்

ஆச்சி சொன்னதைக் கேட்டதும் சொல்கிறேன், ஓரத்தில் எழுத்து இருப்பவற்றை வெட்ட வேண்டாம். எழுத்து இல்லாதவற்றைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

ரஸ்தா ரயில்

சரி, இதிலாவது ஒத்துப்போகிறோமே.

இப்போது ஒட்டினவை. தீபாவளி மலருக்கு ஆர்ட் பேப்பர் போடுவார்கள். அந்த வழவழப்பு வெறும் தாள் இல்லை, மேலே களிமண் பூச்சு. ஒரு தடவை ஈரம் பட்டால் பூச்சு இளகி, காயும்போது இரண்டு தாளும் ஒரே பலகை ஆகிவிடும். நீராவி காட்டினால் இன்னும் மோசம். கத்தியை விட்டால் ஒரு படத்தின் முகம் இன்னொரு படத்தின் முதுகில் போய்விடும். அப்படியே வைத்து, தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். சாதாரணத் தாளாக இருந்தால் ஈரப்பதம் கொடுத்துப் பிரிக்கலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவும் கூடாது, அப்பத்தாவின் மை பேனா மை. ஈரம் பட்டால் ஈப்போ கரைந்துவிடும்.

செலோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். டேப் பத்து வருடத்தில் உதிர்ந்து, அதன் பசை மட்டும் பழுப்புக் கோடாக நிற்கும். லேமினேஷனில் போட்டதை வெளியே எடுக்கவே முடியாது. நான் கல்லூரிக் காலத்தில் ஆறு அட்டைகளை லேமினேட் செய்தேன், பெருமையாக நண்பர்களுக்குக் காட்டினேன். அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

பைண்டர் மகன்

பூச்சிக்கு: பாச்சை உருண்டையைத் தாளின் மேலேயே போடாதீர்கள். ராமபாணம் ஓட்டை போட்டிருந்தால், பாலிதீன் பையில் காற்று இல்லாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

வளவுவீட்டுப் பேரன்

ஃப்ரீசரில் வஞ்சிரம் இருக்கிறது. வீட்டில் அனுமதி கேட்க வேண்டும்.

சித்திரக்காரி, கானாடுகாத்தான்

இழைக்குத் தாமதமாக வந்தேன். வாங்குகிறவர்கள் பக்கம் ஒரு எச்சரிக்கை. இப்போது கடைகளில் தொங்குகிற "பழைய அட்டை" எல்லாம் பழசு இல்லை. இணையத்திலிருந்து எடுத்து லேசரில் அச்சடித்து, டீ டிகாக்ஷனில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் அட்டை பிளாக் (படம் பொறித்த உலோக அச்சு) வைத்து அடித்திருந்தால் ஒவ்வொரு மைப்புள்ளியின் விளிம்பும் நடுவைவிடக் கருப்பாக இருக்கும், அழுத்தத்தில் மை ஓரத்துக்குப் பிதுங்குவதால். தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்துகள் லேசாகப் புடைத்திருப்பது தெரியும். ஆப்செட்டில் அந்தப் புடைப்பு இருக்காது. லேசர் பிரிண்ட்டில் வழவழவென்று பொடி உருகிய பளபளப்பு.

மூன்று வண்ண பிளாக் என்றால் ஒரே தாள் மூன்று தடவை அச்சுக்குள் போய் வந்திருக்கிறது. ஒரு தடவை மயிரிழை நகர்ந்தாலும் கதாநாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். எனக்கு அந்த நகர்ந்த பிரதிகள்தான் பிடிக்கும், என்னிடம் பதினொன்று இருக்கிறது. பிழையான பிரதிகளைச் சேர்ப்பதற்கு என் வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைத்தாலும் இங்கே எழுத முடியாத பெயராகத்தான் இருக்கும்.

பழஞ்சாமான்

டீத் தண்ணீர் வேலை எங்கள் கடையில் கிடையாது. பதிவுக்காகச் சொல்கிறேன்.

மகிபாலன்பட்டிப் பையன்

எந்த அட்டைக்கு ரொம்ப விலை? 1987 விகடன் அட்டை என்று அப்பா சொல்கிறார், உண்மையா?

ரஸ்தா ரயில்

விலை எனக்குத் தெரியாது தம்பி, கதை தெரியும். 1987 மார்ச்சில் விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் ஜேப்படிக்காரரோடும் முகமூடிக் கொள்ளைக்காரரோடும் ஒப்பிட்டது. சட்டமன்றம் கொதித்துப்போய் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. நாடே கூச்சல் போட்டதில் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, பின்னால் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு என்றது. அட்டை ஜோக்குக்காக ஆசிரியரே உள்ளே போன இதழ், அதனால் தேடுகிறார்கள். ஆனால் அது விற்றுத் தீர்ந்த இதழ், நிறையப் பேர் பத்திரப்படுத்தியும் விட்டார்கள். 1949-ன் சாதாரண வாரம் ஒன்றை யாரும் பத்திரப்படுத்தவில்லை. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

இரண்டாங்கட்டு

நம் செட்டிநாட்டுக்காரர்கள் பத்திரிகை படித்தது மட்டுமா, நடத்தினார்களே! 1947-ல் குமுதத்தைத் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை, கல்கண்டு இதழின் தமிழ்வாணன் (தேவகோட்டைக்காரர்), 1939-ல் சக்தி பத்திரிகையை ஆரம்பித்த வை. கோவிந்தன், குழந்தைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பா. கடைசி இரண்டு பேரும் ஒரே ராயவரம். வட்டித் தொழில் என்று மட்டும் பேசுகிறார்கள், கோபம் வருகிறது.

பைண்டர் மகன்

கோட்டையூரை விட்டுவிட்டீர்களே ஆச்சி. ரோஜா முத்தையா. போர்டு எழுதுகிற ஓவியர், ரோஜா என்பது அவர் கடைப் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் விடாமல் வீட்டில் அடுக்கினார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கியது. வாங்கினாலும் கடல் கடந்து கொண்டுபோகவில்லை, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. கண்டனூரிலிருந்து கோட்டையூர் எவ்வளவு தூரம்? சைக்கிள் தூரம். ஊரில் அவரைப் பழைய பேப்பர் பொறுக்குகிறவர் என்றவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

பேரன், ஸ்கேன் செய்யுங்கள், தம்பி சொன்னதில் அந்தப் பாதி சரி. பின்னட்டை விளம்பரத்தையும் சேர்த்து, ஓரத்தோடு, வெட்டாமல். தூக்கிப் போடுகிற பாதியை மறந்துவிடுங்கள்.

வளவுவீட்டுப் பேரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சொல்ல நிறைய இருக்கிறது.

விற்கவில்லை. ஒரே இதழ் இரண்டாக இருந்த ஒன்பது அட்டைகளை மட்டும் பழஞ்சாமான் அண்ணனுக்குக் கொடுத்தேன். வெட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார், கடைக்குள் வெய்யில் படாத சுவராகப் பார்த்து மாட்டியும் காட்டினார். டீயும் வாங்கிக் கொடுத்தார், குடிப்பதற்கு.

மற்றதையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, ஈப்போ வரிகளை ஒரு நோட்டில் எழுதினேன். 1953 ஆடியிலிருந்து 1954 தை வரை "போட்டது" பதினாறு இருக்கிறது, "வந்தது" ஒன்றுகூட இல்லை. தை மாதத்துக்கு அப்புறம் ஒரு அட்டையில் "ஈப்போ வந்தது" என்று இருக்கிறது, அடியில் இரண்டு கோடு. அட்டையில் மணியம் வரைந்த ஒரு பெண் கிணற்றடியில் நிற்கிறாள். அந்த ஏழு மாதம் என்ன நடந்தது என்று அப்பச்சியிடம் கேட்டேன். "அப்ப எனக்கு நாலு வயசுடா" என்றார்கள்.

அப்புறம் பைண்டு புத்தகங்கள். பெரிய அத்தை வீட்டில், தேவகோட்டையில், பூஜை அறை அலமாரியில் பதினான்கு இருக்கின்றன! அப்பத்தா மகளுக்குச் சீரோடு கொடுத்துவிட்டார்களாம். காலிகோ முதுகு, உள்ளே மணியம் படங்கள், நாலாவது புத்தகத்தில் மட்டும் கரையான். அத்தை தரமாட்டேன் என்கிறார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள் என்கிறார்கள். நியாயம்தான். எந்த அத்தியாயம் எந்த அட்டைக்கு உரியது என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல், பக்கங்களில் தேதி தெரியவில்லை. கட்டிங்கில் போயிருக்கிறது.

பைண்டர் மகன்

கதைப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். வேறு ஏதாவது துணுக்கோ விளம்பரமோ இருக்கும். பட்டாசு, ஜவுளி விளம்பரம் என்றால் ஐப்பசி. அங்கிருந்து முன்னும் பின்னும் வாரக் கணக்கில் எண்ணிக்கொண்டு போங்கள். புத்தகத்தைப் பிரித்துவிடாதீர்கள், ராப்பரைத் திரும்பச் சேர்த்துத் தைக்கவும் வேண்டாம், பக்கத்திலேயே ஒரு பெட்டியில் அதே வரிசையில் வைத்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். முதுகுக் காலிகோ என்ன நிறம்? கடைசி அட்டையின் உட்பக்கம் மூலையில் பென்சிலில் ஏதாவது எண் இருக்கிறதா? அப்பா கூலியை அங்கேதான் குறிப்பார்.

வளவுவீட்டுப் பேரன்

மெரூன். எண் இருக்கிறது, "1-4-0" என்று. ஒரு ரூபாய் நாலணா என்று அத்தை சொல்கிறார்கள்.

பைண்டர் மகன்

அத்தை வீட்டுக்குப் புதுவயலிலிருந்து எந்த பஸ்?